ஐந்தாம் மாடி, தெற்குப் பக்கம்

மேல்வீட்டு பால்கனியின் அடிப்பாகம்தான்
என் வானத்துக்குக் கூரை.
கீழே மாதா கோயில் கோபுரத்தின் விளக்கு.
இரண்டுக்கும் நடுவே
ஒரு முழம் இருட்டு.
வாடகையில் அதுவும் சேர்த்தி.

வூச் நகரத்து மார்ச் இரவில்
நிஜமான இருட்டு கிடையாது,
ஆறிப்போன தேநீரின் நிறம்.
அந்தத் தேநீருக்குள்தான்
சிம்மத்தின் பின்னங்காலருகே
மூன்று விண்மீன் திரள்கள் கிடப்பதாக
வரைபடம் சொல்கிறது.
கண் சொல்லவில்லை.
மூன்றரைக் கோடி ஆண்டு நடந்து வந்த ஒளி
கடைசி நூறு மீட்டரில்
பெட்ரோல் பங்க் விளக்கில் தடுக்கி விழுகிறது.

பகலில் பதினோராம் எண் டிராம் ஓட்டுகிறேன்.
தண்டவாளத்தில் விரிசல் இருந்தால்
இருக்கைக்குத் தெரியும், இருக்கை எனக்குச் சொல்லும்.
இரவில் இன்னொரு வண்டி:
முக்காலிமேல் ஒரு சின்ன மோட்டார்,
பூமி கிழக்கே உருளும் அதே வேகத்தில்
தொலைநோக்கியை மேற்கே உருட்டுகிறது.
பயணிகள் இல்லை. மணியடிக்க வேண்டாம்.
மூன்று நிமிடம் திறந்திருக்கும் ஒரு கண்,
மூடும், மறுபடி திறக்கும்.

ஒரு படத்தில் ஒன்றுமில்லை, வெறும் மணல்.
இருபதை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால்
மணல்மேல் யாரோ மூச்சு விட்டதுபோல் ஒரு கறை.
நூற்றைம்பதில்
கறைக்குக் கைகள் முளைக்கும்.
மூன்றாவது திரள் மட்டும் ஒருக்களித்துப் படுத்திருக்கும்,
குறுக்கே தூசிக் கோடு,
நடுவில் ஜாம் தடவி மூடிய ரொட்டி.

பிப்ரவரி முதல் ஒரு தொல்லை.
பத்தேகாலுக்கு நட்சத்திரங்கள் நீள ஆரம்பிக்கும்.
புள்ளியாக நிற்க வேண்டியவை
காற்புள்ளிகளாகிவிடும்.
காற்று என்று நினைத்தேன்.
பல்சக்கரத்துக்கு எண்ணெய் போட்டேன்.
மூச்சடக்கி உட்கார்ந்துகூடப் பார்த்தேன்.
பிறகொரு நாள் வெறுங்காலுக்கு
பால்கனித் தரை சொன்னது:
நிமிடத்துக்கு ஆயிரத்து இருநூறு சுற்று.
நான்காம் மாடி. சலவை இயந்திரம்.
பத்து மணிக்குமேல் மின்சாரம் மலிவு.

சண்டைக்கென்றே படியிறங்கினேன்.
கதவில் காகித நாரை ஒன்று,
அலகில் தொங்கும் அட்டையில்
இகா, மூன்று கிலோ இருநூறு.
மணியை அழுத்தாமல் திரும்பி வந்தேன்.

கெட்ட படங்களை அதன்பின் அழிக்கவில்லை.
‘இகா’ என்று தனிக் கோப்புறை.
மார்ச் முதல் வாரம், ஒரே இரவில் மூன்று தடவை
நட்சத்திரங்கள் நீண்டன.
வயிற்றுப்போக்கு என்று நினைக்கிறேன்.

பிறகு நான்கு இரவுகள் எல்லாம் வட்டம்.
கடுகு மாதிரி வட்டம்.
குளிர்காலம் முழுக்க நான் கேட்ட இரவுகள்.
திரையைப் பார்க்கவில்லை நான்,
காலுக்கடியில் தரையையே
கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் இரவு மணியை அழுத்தினேன்.
ஓல்கியெர்ட் திறந்தான், சட்டைத் தோளில் பால் கறை.
கூடத்தில் இயந்திரம் மல்லாந்து கிடந்தது,
வயிறு திறந்து, பெல்ட் அறுந்து.
உதிரிபாகம் வர இரண்டு வாரமாம்.
குளியல்தொட்டி நிறைய உள்ளங்கை அகலச் சட்டைகள்.
இகா என்னை ஒரு கணம் பார்த்தாள்,
பிறகு எனக்குப் பின்னால்
மாடிப்படி விளக்கை, வெகுநேரம்.
எங்கள் ரசனை ஒத்துவராது.

இப்போது பத்தேமுக்கால்.
வானம் கழுவிய கண்ணாடி. நிலவு விழுந்தாயிற்று.
கேமராவின் உள்ளே மைனஸ் பத்து.
அறுபத்து மூன்றாவது படத்தில்
நட்சத்திரங்கள் மறுபடி நீள்கின்றன,
முன்னைவிட மோசமாக.
இந்தத் தடவை அதிர்வு
என் குளியலறையிலிருந்து வருகிறது.
இன்னும் பதினோரு நிமிடம் என்கிறது அதன் சிவப்பு எண்.
அறுபத்து நான்காவதைத் திறந்து வைக்கிறேன்.